ஹெச்ஏபிராக்ஸி ரிவ்யூ: எரர் மெசேஜ மட்டும் வச்சு பாத்தா எப்படி?

லோடு பேலன்சர் (வர்ற ரிக்வெஸ்ட பல சர்வருக்கு பிரிச்சு விடுற சாஃப்ட்வேர்) ரிவ்யூனா எல்லாரும் செகண்டுக்கு எத்தன ரிக்வெஸ்ட் தாங்கும், மெமரி எவ்ளோ தின்னும்னு தான் எழுதுறாங்க, அதெல்லாம் ஏற்கனவே நெறைய பேர் எழுதிட்டாங்க, நான் இங்க ஒரே ஒரு விஷயத்த தான் பாக்கப் போறேன்: கான்ஃபிக் ஃபைல்ல, அதாவது செட்டிங்ஸ் எழுதி வைக்கிற ஃபைல்ல, நாம ஒரு எழுத்த தப்பா அடிச்சிட்டா ஹெச்ஏபிராக்ஸிங்குற லோடு பேலன்சர் நம்மகிட்ட என்ன சொல்லுது. பன்னெண்டு வருஷமா சர்வர் பாக்குற வேலைல இருக்கேன், ராத்திரி தூக்கம் கெட்ட நாள எல்லாம் எண்ணிப் பாத்தா பாதிக்கு மேல இந்த ஒரு விஷயத்துல தான் வந்து நிக்குது.

போன வருஷம் நடந்தத சொல்றேன். ஒரு கிளையன்ட் ஆஃபீஸ்ல ஒரு மெசேஜிங் சர்வர், காசு குடுத்து வாங்குன சாஃப்ட்வேர், பேரு வேண்டாம். வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு சின்ன மாத்தம் போட்டு ரீஸ்டார்ட் பண்ணோம், எழும்பல. லாக்க தொறந்தா ஒரே வரி, 'கான்ஃபிக் லோட் ஃபெயில்ட், கோட் மைனஸ் 1'. அவ்ளோ தான். எந்த ஃபைல், எத்தனாவது வரி, எந்த வார்த்தை, எதுவும் கிடையாது. கான்ஃபிக் மொத்தம் 412 வரி. நானும் கூட வேலை பாக்குற தம்பியும் பாதி ஃபைல கமெண்ட் பண்ணி ஸ்டார்ட் பண்றது, எழும்பலனா அடுத்த பாதி, அதுல பாதி, அதுலயும் பாதினு போயிட்டே இருந்தோம், நடுவுல கிளையன்ட் பக்கத்துலேர்ந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு ஃபோன் வேற. ஒன்னே கால் மணிக்கு தான் தம்பி ஸ்கிரீன் கிட்ட மூஞ்ச கொண்டு போய், "அண்ணா, இந்த கோட்டேஷன் ரெண்டும் வளைஞ்சிருக்கு பாருங்க" அப்டின்னான். யாரோ டாகுமெண்ட்ல டைப் பண்ணி மெயில்ல அனுப்புன வரிய அப்டியே காப்பி பண்ணி ஒட்டிருக்கோம், அந்த டாகுமெண்ட் நேர் கோட்டேஷன வளைஞ்ச கோட்டேஷனா மாத்தி வச்சிருக்கு. கண்ணுக்கு ரெண்டும் ஒன்னு, புரோகிராமுக்கு ரெண்டும் வேற எழுத்து. அந்த புரோகிராமுக்கு எந்த எழுத்துல தான் இடிச்சு நின்னோம்னு கண்டிப்பா தெரிஞ்சிருக்கும், தெரிஞ்சத ஒரு வரில சொல்லிருந்தா ரெண்டு நிமிஷ வேலை.

அதுக்கப்புறம் ரெண்டு வீக்கெண்ட் உக்காந்து டெபியன் 12ங்குற லினக்ஸ் போட்ட ஒரு விஎம்ல (விர்ச்சுவல் மெஷின்ல) நாங்க தினமும் தொடுற சர்வர் சாஃப்ட்வேர் எல்லாத்தையும் வேணும்னே ஒடச்சுப் பாத்தேன். எழுத்துப்பிழை, விட்டுப்போன செமிகோலன், மூடாத கோட்டேஷன், இல்லாத பேக்கெண்ட் (ரிக்வெஸ்ட அனுப்பி வைக்கிற பின்பக்க சர்வர் குழு) பேரு, தப்பான யூனிட், இப்டி. அதுல எனக்கு ரொம்ப புடிச்சது ஹெச்ஏபிராக்ஸி, அதனால தான் அது பேர்ல இந்த ரிவ்யூ.

தெரியாதவங்களுக்கு, இது வில்லி டாரோ 2001ல ஆரம்பிச்ச ஓபன் சோர்ஸ் லோடு பேலன்சர். டெபியன் 12ல வர்றது 2.6 வெர்ஷன். கான்ஃபிக்க ஓட்டாம சோதிக்க மைனஸ் சி போட்டு ஃபைல் பேர குடுத்தா போதும், சரியா இருந்தா வேலிட்னு சொல்லிட்டுப் போயிடும்.

முதல் சோதனையா பேக்கெண்ட் செக்‌ஷன்ல 'பேலன்ஸ்'ங்கிற கீவேர்டுல முதல் 'ஏ' எழுத்த விட்டுட்டு ஓட்டுனேன். வந்த பதில தமிழ்ல சொன்னா இப்டி இருக்கும்: இந்த ஃபைல்ல 23வது வரில, பேக்கெண்ட் செக்‌ஷன்ல, நீங்க அடிச்ச இந்த கீவேர்டு எனக்கு தெரியாது, ஒருவேளை 'பேலன்ஸ்'னு சொல்ல வந்தீங்களா? ஃபைல் பேரு இருக்கு, வரி நம்பர் இருக்கு, எந்த செக்‌ஷனுக்குள்ள நின்னு படிச்சேன்னு சொல்லுது, நான் அடிச்ச தப்பான வார்த்தைய அப்டியே திருப்பி காட்டுது, கடைசில சரியான வார்த்தையையும் எடுத்து குடுக்குது. சர்வர் வரில ஹெல்த் செக் கீவேர்டுல ஒரு எழுத்த விட்டாலும் இதே மாதிரி தான். இந்த 'டிட் யூ மீன்' சமாச்சாரம் 2021 மே மாசம் வந்த 2.4 வெர்ஷன்லேர்ந்து இருக்கு, இன்னும் உபுண்டு 20.04ல வர்ற பழைய 2.0வ வச்சிருந்தா பாக்க முடியாது.

அது எப்டி கண்டுபிடிக்குதுன்னு சோர்ஸ்ல போய் பாத்தேன், ரொம்ப எளிமையா பண்ணிருக்காங்க. ஒரு வார்த்தைல எந்த எழுத்துக்கு அடுத்து எந்த எழுத்து வருதுனு எண்ணி கைரேகை மாதிரி ஒன்னு வச்சுக்குறாங்க, நாம அடிச்சதோட கைரேகைக்கு எந்த கீவேர்டோட கைரேகை கிட்ட இருக்கோ அத எடுத்து நீட்டுறாங்க. பெரிய லைப்ரரி எதுவும் இல்ல. மனசு இருந்தா எந்த டீமும் ஒரு நாள்ல எழுதிடலாம்.

அடுத்தது எனக்கு இன்னும் முக்கியம். ஒரே ஃபைல்ல நாலு எடத்துல நாலு தப்பு வச்சேன், ஒரே ஓட்டத்துல நாலையும் வரிசையா சொல்லிடுச்சு. என்ஜின்எக்ஸ்ங்குற வெப் சர்வர்ல இதே பண்ணா முதல் தப்புல நின்னுடும், திருத்தி ஓட்டுனா அடுத்தது, அத திருத்துனா அதுக்கடுத்தது. ஒன்னு ரெண்டுனா பரவால்ல, ஒரு பெரிய மைக்ரேஷன்ல பழைய கான்ஃபிக்க புது வெர்ஷனுக்கு கொண்டு போறப்ப முப்பது தப்பு இருந்தா முப்பது தடவ ஓட்டணும். ஹெச்ஏபிராக்ஸிலயும் ரெண்டு சுத்து உண்டு, அத சொல்லிடணும்: முதல் சுத்துல ஒவ்வொரு வரியும் தனியா சரியானு பாக்கும், அதெல்லாம் சரியான பின்னாடி தான் ஒரு வரி இன்னொரு வரிய கூப்புடுறது சரியானு பாக்கும். அதனால இல்லாத பேக்கெண்ட் பேர குடுத்தது ரெண்டாவது ஓட்டத்துல தான் வெளிய வந்துச்சு.

ஒரு வரிக்கு ஒரு கட்டளைனு இருக்குறது தான் ஹெச்ஏபிராக்ஸிக்கு பாதி பலம்னு நான் நினைக்கிறேன். வரி முடிஞ்சா கட்டளை முடிஞ்சுது, அதனால வரி நம்பர் ஏமாத்தாது. செமிகோலன் வச்சு முடியுற ஃபைல்ல இது நடக்காது, அத என்ஜின்எக்ஸ்ல பக்கத்துலேர்ந்து காட்டுறேன்.

எட்டாவது வரில ரூட் டைரக்டிவ (சைட்டோட ஃபைல் எந்த ஃபோல்டர்ல இருக்குனு சொல்ற கட்டளைய) எழுதி செமிகோலன் போடாம விட்டுட்டு, ஒன்பதாவது வரில இண்டெக்ஸ எழுதி செமிகோலன் போட்டேன். 'ரூட் டைரக்டிவ்ல ஆர்கியுமெண்ட் எண்ணிக்கை தப்பு, வரி 9'னு வருது. தம்பிகிட்ட எதுவும் சொல்லாம இத காட்டுனேன். "அண்ணா, ஒன்பதுல ரூட்டே இல்லையே, அது சரியா தான இருக்கு" அப்டின்னான். அவன் சொல்றது நியாயம். புரோகிராம் பக்கத்துலேர்ந்து பாத்தா செமிகோலன் வர்ற வரைக்கும் வார்த்தைய சேத்துக்கிட்டே போகுது, ரூட்டுக்கு ஒரு ஃபோல்டர் பாத்துக்கு பதிலா மூணு வார்த்தை சேந்துடுச்சு, செமிகோலன் கிடைச்ச எடம் ஒன்பதாவது வரி, அதனால ஒன்பதுங்குது. அது சொல்றது பொய் கிடையாது, ஆனா படிக்கிறவன் அதுலேர்ந்து 'முந்துன வரில செமிகோலன் விட்டுப்போச்சு'ங்குற எடத்துக்கு தானே நடந்து போகணும். அனுபவம் இருக்குறவனுக்கு ரெண்டு செகண்ட், புதுசா வந்தவனுக்கு இருபது நிமிஷம். டிஎன்எஸ் சர்வர் பைண்ட் கூட செமிகோலன் வச்ச ஃபைல் தான், ஆனா அது 'இந்த வார்த்தைக்கு முன்னாடி செமிகோலன் காணோம்'னு நேரா சொல்லிடும். அதனால செமிகோலன் இருக்குறதால சொல்ல முடியலனு ஒத்துக்க மாட்டேன், சொல்லலாம்.

இதோட இன்னொரு வடிவம் தான் என்ன பயமுறுத்துச்சு. சைட்டோட டொமைன் பேர எழுதுற சர்வர் நேம் வரில செமிகோலன விட்டுட்டு அடுத்த வரில ரூட்ட வச்சேன். சர்வர் நேம் எத்தன பேர குடுத்தாலும் வாங்கிக்கும், அதனால 'ரூட்'டுங்குற வார்த்தையையும் பின்னாடி இருக்குற ஃபோல்டர் பாத்தையும் டொமைன் பேருன்னே எடுத்துக்குச்சு. சோதிச்சா 'சின்டாக்ஸ் ஓகே, டெஸ்ட் சக்சஸ்ஃபுல்' தான் வருது. அதுக்கு மேல ஒரே ஒரு வார்னிங் வரி, இந்த சர்வர் நேம்ல சந்தேகமான எழுத்து இருக்குனு, பேருக்குள்ள சாய்வு கோடு இருக்குறதால. எழுதுனவங்க இத யோசிச்சு தான் அந்த வார்னிங்க வச்சிருக்காங்க, அதுக்கு மரியாதை உண்டு. ஆனா கீழ சக்சஸ்ஃபுல்னு பாத்ததும் மேல இருக்குற வரிய எத்தன பேர் படிப்பாங்க? ரீலோட் பண்ணா ரூட்டே செட் ஆகாம டீஃபால்ட் ஃபோல்டர்ல போய் ஃபைல தேடும், சைட்ல பக்கம் கிடைக்கலனு வரும், நாம ஃபைல் பெர்மிஷன போய் நோண்டிக்கிட்டு இருப்போம்.

வார்னிங்குனு வந்ததும் ஹெச்ஏபிராக்ஸிக்கு திரும்புறேன், ஏன்னா இங்க அது ரொம்ப அக்கறையா எழுதப்பட்டிருக்கு. டைம்அவுட் போடாம ஒரு ப்ராக்ஸிய எழுதுனா, இது தப்பான கான்ஃபிக் கிடையாது, ஆனா இப்டியே விட்டா உங்களுக்கு பல பிரச்சனை நிச்சயம் வரும், சரி பண்ண கிளையன்ட், கனெக்ட், சர்வர் மூணு டைம்அவுட்டுக்கும் பூஜ்யம் இல்லாத மதிப்ப குடுங்கனு பல வரிக்கு எழுதி வச்சிருக்காங்க. தப்புக்கும் சந்தேகத்துக்கும் நடுவுல இருக்குற வித்தியாசத்த வாயால சொல்லுது, பக்கத்துல சீனியர் ஒருத்தர் உக்காந்து சொல்ற மாதிரி இருக்கு. யூஸ் பேக்கெண்ட் வரிக்கு (எந்த பேக்கெண்டுக்கு அனுப்பணும்னு சொல்ற வரி) கீழ ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட் ரூல வச்சா, 'நீங்க கீழ எழுதுனாலும் இது முன்னாடி தான் ஓடும்'னு எச்சரிக்கும். ஃபைல்ல இருக்குற வரிசையும் ஓடுற வரிசையும் வேறங்குறது தெரியாம எத்தன பேர் கஷ்டப்பட்டிருப்பாங்க, அத பாத்த யாரோ ஒருத்தர் தான் இந்த வரிய எழுதிருக்கணும். வார்னிங் வந்தாலே ஸ்டார்ட் ஆகக்கூடாதுனு வைக்க மைனஸ் டிடபிள்யூனு ஒரு ஆப்ஷனும் இருக்கு, நாங்க டெப்ளாய் ஸ்க்ரிப்ட்ல அத போட்டே ஓட்டுறோம்.

வளைஞ்ச கோட்டேஷன இதுலயும் வச்சுப் பாத்தேன். லாக் ஃபார்மட் வரில ஸ்பேஸ் இருக்குற மதிப்ப வளைஞ்ச கோட்டேஷனுக்குள்ள குடுத்தேன். இதுக்கு அது கோட்டேஷனே கிடையாது, அதனால ஸ்பேஸ்ல ஸ்பேஸ்ல வெட்டிடுச்சு, வெட்டிட்டு 'லாக் ஃபார்மட் ஒரே ஒரு ஆர்கியுமெண்ட் தான் எடுக்கும், ஸ்பேஸ எஸ்கேப் பண்ண மறந்துடாதீங்க!'னு வரி நம்பரோட சொல்லுச்சு. வளைஞ்சிருக்குனு சொல்லல, ஆனா கோட்டேஷன் பக்கம் நம்ம கண்ண திருப்பிடுது, அன்னிக்கு ராத்திரி எனக்கு இந்த அளவு கிடைச்சிருந்தா போதும். நேர் கோட்டேஷன தொறந்துட்டு மூடாம விட்டா இன்னும் அழகு, எத்தனாவது எழுத்துலனு சொல்லி அந்த வரியையும் அச்சடிச்சு கீழ சரியா அந்த எழுத்துக்கு நேரா ஒரு கூரை குறி (^) போட்டு காட்டுது. ஃபைலோட கடைசி வரில என்டர் இல்லனா, ஃபைல் பாதில அறுந்து போயிருக்கலாம்னு சொல்லி ஓட மறுத்துடும். 2.2ல இது வார்னிங்கா இருந்துச்சு, 2.3லேர்ந்து எரர். மொதல்ல இது எதுக்கு இவ்ளோ கறார்னு எனக்கு கோவம் வந்துச்சு, அப்புறம் டிஸ்க் ஃபுல் ஆகி பாதி எழுதுன கான்ஃபிக்க நெனச்சுப் பாத்தேன், வரியோட நடுவுல வெட்டுப்பட்டா மத்த எல்லாம் சரியாவே படிக்கும், அந்த ஒரு எடம் மட்டும் அமைதியா மாறிடும். இப்ப இந்த கறார் வேணும்னு தான் சொல்லுவேன்.

குறையும் இருக்கு, மறைக்க மாட்டேன்.

மேல சொன்ன கோட்டேஷன் மாதிரி சில எடம் தவிர அது தப்பான வரிய திருப்பி காட்டாது, நம்பர் மட்டும் தான். ரெடிஸ்ங்குற டேட்டாபேஸ் இதுல ஒரு படி மேல, 'கான்ஃபிக் ஃபைல் படிக்கிறப்ப, மூணாவது வரில'னு சொல்லிட்டு அடுத்த வரில அம்புக்குறி போட்டு நம்ம எழுதுன வரிய முழுசா அச்சடிச்சிடும், அப்புறம் என்ன தப்புனு சொல்லும். ஆன்சிபிள் மாதிரி ஒரு ஆட்டோமேஷன் டூல வச்சு டெம்ப்ளேட்லேர்ந்து கான்ஃபிக் தயார் பண்றவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா சர்வர்ல இருக்குற 23வது வரி நம்ம டெம்ப்ளேட்ல 23ல இருக்காது, நம்பர வச்சு ஒன்னும் பண்ண முடியாது, வரிய காட்டுனா தேடி எடுத்துடலாம்.

ரெண்டாவது சுத்துல வர்ற எரர்ல வரி நம்பரே இல்ல. இல்லாத பேக்கெண்ட டீஃபால்டா குடுத்தப்ப ப்ராக்ஸி பேரையும் பேக்கெண்ட் பேரையும் சொல்லுது, வரிய சொல்லல. பேர வச்சு தேடிக்கலாம், ஆனாலும் படிக்கிறப்பவே அந்த நம்பர ஞாபகம் வச்சிருந்தா சொல்லிருக்கலாமே.

சில மெசேஜ் கோட் எழுதுனவங்க பாஷைல இருக்கு. பேக்கெண்ட் செக்‌ஷனுக்குள்ள யூஸ் பேக்கெண்ட் வரிய வச்சா 'இந்த பேக்கெண்டுக்கு ஃப்ரண்டெண்ட் கேபபிலிட்டி இல்ல, அதனால இந்த வரிய கண்டுக்கல'னு வருது. ஃப்ரண்டெண்ட்னா வெளியேர்ந்து வர்ற ரிக்வெஸ்ட வாங்குற பக்கம், கோடுக்குள்ள ஒவ்வொரு ப்ராக்ஸிக்கும் அப்டி ஒரு கேபபிலிட்டி ஃப்ளாக் வச்சிருக்காங்க, அது நமக்கு எதுக்கு? 'இந்த வரி ஃப்ரண்டெண்ட்ல தான் வேலை செய்யும், நீங்க பேக்கெண்ட்ல வச்சிருக்கீங்க'னா முடிஞ்சுது. செக்‌ஷன் எங்க முடியுதுனு குறி எதுவும் இல்லாத ஃபைல் இது, அடுத்த செக்‌ஷன் ஆரம்பிச்சா தான் முந்துனது முடியும், அதனால தப்பான செக்‌ஷனுக்கு கீழ ஒட்டுறது தான் இதுல அதிகம் நடக்குற தப்பு, அந்த மெசேஜ் தான் மத்த எல்லாத்தையும் விட தெளிவா இருக்கணும்.

ஹெச்டிடிபிஎஸ் சர்டிஃபிகேட் விஷயத்துல புதுசா வர்றவங்க கட்டாயம் மாட்டுவாங்க. ஹெச்ஏபிராக்ஸி சர்டிஃபிகேட்டும் பிரைவேட் கீயும் ஒரே பெம் ஃபைல்ல இருக்கும்னு எதிர்பாக்கும், இல்லனா அதே பேரோட கடைசில டாட் கீ சேத்த ஃபைல தேடும். சர்டிஃபிகேட் மட்டும் இருக்குற ஃபைல குடுத்தா, நான் கான்ஃபிக்ல எழுதவே இல்லாத, பெம்முக்கு பின்னாடி கீனு முடியுற ஒரு ஃபைல்ல பிரைவேட் கீ இல்லனு சொல்லுது. இந்த ஃபைல் எங்கேர்ந்து வந்துச்சுனு தான் முதல்ல கேக்கத் தோணும். மொதல்ல பெம்ல பாத்தேன், அங்க இல்ல, அப்புறம் இங்க பாத்தேன், இங்கயும் இல்லனு ரெண்டையும் சொல்லிருந்தா யாரும் குழம்ப மாட்டாங்க.

மத்தத சுருக்கமா. அப்பாச்சி வெப் சர்வர்ல எஸ்எஸ்எல் மாட்யூல ஆன் பண்ணாம எஸ்எஸ்எல் வரிய எழுதுனா, ஸ்பெல்லிங் தப்பா இருக்கலாம் இல்லனா இத வச்சிருக்குற மாட்யூல் சேக்காம இருக்கலாம்னு ரெண்டு காரணத்தையும் சொல்லுது, நான் பாத்த வரைக்கும் முக்கால்வாசி நேரம் ரெண்டாவது தான் நெஜம், ரொம்ப நல்ல வாக்கியம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல 256 எம்பிய சின்ன எழுத்துல போட்டா மதிப்பு தப்புனு சொல்லி, என்னென்ன யூனிட் செல்லும்னு ஒவ்வொன்னா எழுதி ஹிண்ட் குடுக்குது, பெருசு சின்னது சரியா வச்சு. இது போக 10வது வெர்ஷன்லேர்ந்து ஹெச்பிஏ ஃபைல (யார் எங்கேர்ந்து உள்ள வரலாம்னு சொல்ற ஃபைல்) ஒரு டேபிள் மாதிரி குவெரி போட்டு எந்த வரில என்ன எரர்னு ரீலோட் பண்றதுக்கு முன்னாடியே பாத்துக்கலாம். மெயில் சர்வர் போஸ்ட்ஃபிக்ஸ் மட்டும் தனி ரகம், அதுல நாமளே புது பேர்ல பாராமீட்டர் வச்சுக்கலாம், அதனால ஸ்பெல்லிங் தப்பான பாராமீட்டர் அதுக்கு எரரே இல்ல, போஸ்ட்கான்ஃப்ங்குற அதோட கமாண்ட ஓட்டுனா தான் இது யாரும் பயன்படுத்தாத பாராமீட்டர்னு ஒரு வார்னிங் வரும். போஸ்ட்ஃபிக்ஸ தொட்டா அத ஓட்டாம எழுந்திருக்காதீங்க.

இதுல எதுவும் கண்ணுக்கே படாம போற எடம் ஒன்னு இருக்கு. சிஸ்டம்டி (லினக்ஸ்ல சர்வீஸ ஆரம்பிச்சு நிறுத்துற புரோகிராம்) வழியா ரீஸ்டார்ட் பண்ணா, கண்ட்ரோல் பிராசஸ் எரர் கோடோட வெளிய போயிடுச்சு, ஸ்டேட்டஸ பாரு, ஜர்னல (அதோட லாக்க) பாருனு மட்டும் தான் டெர்மினல்ல வரும். ஹெச்ஏபிராக்ஸி எழுதுன அவ்ளோ நல்ல வரி ஜர்னல்ல போய் படுத்திருக்கும். புது பசங்க மெசேஜே இல்லனு நெனச்சுக்குறாங்க. அதனால எங்க டீம்ல ரீஸ்டார்ட் போடுறதுக்கு முன்னாடி அந்தந்த சாஃப்ட்வேரோட சோதனை கமாண்ட கையால ஓட்டணும்னு வச்சிருக்கோம், ஓட்டுனா அது நேரா மூஞ்சிக்கு நேரா பேசும்.

மார்க் கேட்டா அஞ்சுக்கு நாலு குடுப்பேன். அந்த ஒரு மார்க் வரிய காட்டாததுக்கும் அந்த கீ ஃபைல் மெசேஜுக்கும் சேத்து புடிச்சது.

அந்த 412 வரி சாஃப்ட்வேர் விக்கிறவங்களுக்கு இந்த சோதனை முடிஞ்ச அன்னிக்கே ஒரு மெயில் போட்டேன். திட்டி எழுதல. ஹெச்ஏபிராக்ஸி மெசேஜ் ஒன்னு, ரெடிஸ் மெசேஜ் ஒன்னு அப்டியே ஒட்டி, எங்களுக்கு நாலு விஷயம் வேணும்னு கேட்டேன்: எந்த ஃபைல், எந்த வரி, என்ன படிச்சீங்க, என்ன எதிர்பாத்தீங்க. மூணு வாரம் பதில் இல்ல, அப்புறம் அடுத்த ரிலீஸ்ல பாக்குறோம்னு வந்துச்சு. போன மாசம் அந்த ரிலீஸ போட்டதும் முதல் வேலையா ஒரு கோட்டேஷன வளைச்சு வச்சு ஸ்டார்ட் பண்ணேன், தம்பி பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தான். ஃபைல் பேரும் வரி நம்பரும் வந்துச்சு. என்ன படிச்சோம்னு இன்னும் சொல்லல, அத கேட்டு ரெண்டாவது மெயில் போட்டிருக்கேன்.